224 என்றால் தூங்கு!

குட்டிகளே, மேசைக் கணினியை 'ஷட் டவுன்' செய்யும்போது பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? பழைய வன்தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டியாக இருந்தால் ஒரு வேடிக்கை உண்டு. திரை கறுக்கிற நேரத்தில் உள்ளே 'டிக்' என்று ஒரு சின்னத் தட்டல் கேட்கும். அப்புறம் சுழலும் சத்தம் இறங்கி இறங்கி அடங்கிவிடும்.

அந்த 'டிக்' சும்மா வரவில்லை. மூடுவதற்குச் சற்று முன்னால் கணினி வன்தட்டுக்கு இரண்டு எண்களை அனுப்பியிருக்கிறது. முதலில் 231. அதற்கு அர்த்தம், 'கையில் வைத்திருப்பதை எல்லாம் தட்டில் எழுதி முடி.' அடுத்தது 224. அதற்கு அர்த்தம், 'படிக்கும் முனையை ஓரமாக நிறுத்திவிட்டு, சுழல்வதை நிறுத்தித் தூங்கு.' முனை ஓரத்துக்குப் போய் உட்கார்ந்த சத்தம்தான் நாம் கேட்ட 'டிக்'.

தமிழோ ஆங்கிலமோ வன்தட்டுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண்கள் மட்டும்தான். அந்த எண் மொழியை இன்று கொஞ்சம் பழகிக்கொள்வோமா?

கணினிக்குள் ஒரு குட்டிக் கணினி

1956-இல் ஐபிஎம் நிறுவனம் உலகின் முதல் வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் அடுக்கியிருந்தன. அத்தனையும் சேர்ந்து தாங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான். இன்று செல்போனில் எடுக்கும் நல்ல படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காமல் போகலாம்!

வெகு காலம்வரை வன்தட்டுக்குச் சொந்த மூளை கிடையாது. முனையை எங்கே நகர்த்துவது, எப்போது படிப்பது என்பதை எல்லாம் கணினிக்குள் செருகிய தனி அட்டைதான் கவனித்துக்கொண்டது. 1986 வாக்கில் காம்பேக், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனங்கள் அந்த மூளையை வன்தட்டின் முதுகிலேயே ஒட்டவைத்தன. பழைய வன்தட்டு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பச்சை நிறப் பலகை ஒன்று தெரியும். அதில் ஒரு செயலி இருக்கிறது, கொஞ்சம் நினைவகம் இருக்கிறது, அதற்கென்று எழுதிய மென்பொருளும் இருக்கிறது. கணினிக்குள் உட்கார்ந்திருக்கும் இன்னொரு குட்டிக் கணினி அது.

இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள வேண்டுமானால் பொது மொழி வேண்டுமே! அதற்கு 'ஏடிஏ' என்று பெயர். 1994-இல் அது அதிகாரபூர்வத் தர அளவாகவும் ஆனது. அதனால்தான் எந்த நிறுவனத்தின் வன்தட்டை வாங்கினாலும் 224 என்றால் தூங்கிவிடுகிறது.

எட்டுக் கட்டம் உள்ள சீட்டு

நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? கமிஷன் கடையில் மல்லிகையை எடை போட்டதும் ஒரு சீட்டு எழுதுவார்கள். யாருடைய பூ, என்ன பூ, எத்தனை கிலோ, என்ன விலை என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. வன்தட்டுக்குக் கட்டளை கொடுப்பதும் ஏறக்குறைய இப்படிச் சீட்டு எழுதுகிற வேலைதான். அந்தச் சீட்டில் எட்டுக் கட்டங்கள்:

1. தரவு போகவும் வரவும் ஒரு கட்டம்
2. கட்டளைக்குக் கூடுதல் குறிப்பு
3. எத்தனை செக்டர் வேண்டும்
4, 5, 6. எந்த இடத்தில், அதாவது முகவரி
7. ஒரே வயரில் இரண்டு வன்தட்டு இருந்தால், அதில் எது. முகவரியின் மிச்சமும் இங்கேதான்
8. கட்டளை எண்

முதல் கட்டத்தைத் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்ணை எழுதலாம். செக்டர் என்பது வன்தட்டின் மிகச் சிறிய துண்டு. அதில் 512 பைட் இருக்கும். (புதியவற்றில் 4,096.) 'நிலக்கோட்டை' என்று கணினியில் தமிழில் எழுத 33 பைட் ஆகும். அப்படியானால் ஒரு செக்டரில் நம் ஊர்ப் பெயரை 15 முறை முழுசாக எழுதலாம். பதினாறாவது பாதியில் நின்றுவிடும்.

இங்கே கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. முதல் ஏழு கட்டங்களை எப்படி நிரப்பினாலும் வன்தட்டு அசையாது. எட்டாவது கட்டத்தில் எண் விழுந்த அந்தக் கணமே வேலையைத் தொடங்கிவிடும். 'நிஜமாகவா சொல்கிறாய்?' என்று திருப்பிக் கேட்காது. ஆகவே எட்டாவது கட்டத்தை எப்போதும் கடைசியாகத்தான் எழுத வேண்டும்.

எழுதி முடித்தபின் அதே எட்டாவது கட்டத்தைக் கணினி படித்துப் பார்க்கும். இப்போது அங்கே வன்தட்டின் நிலையைச் சொல்லும் எண் இருக்கும். அந்த எண்ணில் 128 சேர்ந்திருந்தால் 'வேலையாக இருக்கிறேன், பொறு' என்று பொருள். 8 சேர்ந்திருந்தால் 'கேட்டது தயார், எடுத்துக்கொள்.' 1 சேர்ந்திருந்தால் 'ஏதோ தப்பு நடந்துவிட்டது!'

2003-க்குப் பிறகு அகலமான பழைய வயர் போய், மெல்லிய 'சாட்டா' வயர் வந்தது. இப்போது இந்தக் கட்டங்களை எல்லாம் 20 பைட் கொண்ட ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். வயர் மாறினாலும் எண்கள் மாறவில்லை.

உன் பேர் என்ன?

இப்போது கணினியும் வன்தட்டும் பேசுவதை ஒட்டுக் கேட்போம்.

கணினி: 229.
வன்தட்டு: 0.

அதாவது, 'தூங்குகிறாயா?' என்று கணினி கேட்டது. 'ஆமாம்' என்று வன்தட்டு சொன்னது. விழித்திருந்தால் 255 என்று சொல்லியிருக்கும். தூங்குகிறவரை எழுப்பாமலே, 'தூங்குகிறீர்களா?' என்று கேட்டுப் பதிலும் வாங்க நம்மால் முடியுமா? கணினியால் முடியும். சுழல்வது நின்றிருந்தாலும் முதுகிலுள்ள பலகை விழித்திருக்கிறதே!

அடுத்த கேள்வி 236. 'உன்னைப் பற்றிச் சொல்' என்பது இதன் பொருள். பதிலாகச் சரியாக 512 பைட் வரும். தயாரித்த நிறுவனத்தின் மாடல் பெயர் 40 எழுத்து, வரிசை எண் 20 எழுத்து, மொத்தம் எத்தனை செக்டர், என்னென்ன வசதிகள் என்று அதில் எல்லாமே இருக்கும். 500 ஜிபி வன்தட்டு ஒன்றைக் கேட்டால், பெரும்பாலும் 97,67,73,168 செக்டர் என்று பதில் வரும். அதை 512-ஆல் பெருக்கிப் பாருங்கள், 500 ஜிபிக்குச் சற்று மேலே நிற்கும்.

ஆனால் மாடல் பெயரை அப்படியே படித்தால் ஒன்றும் புரியாது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பெயரை அதில் எழுதினால் இப்படித்தான் வரும்:

லநிகோக்டைட்

என்ன கூத்து இது? இரண்டிரண்டு எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியையும் இடம் மாற்றிப் பாருங்கள். நி–ல, க்–கோ, ட்–டை. நிலக்கோட்டை! வன்தட்டு இரண்டு பைட்டாகச் சேர்த்துத்தான் தரவைக் கொடுக்கும். ஜோடியில் முதல் எழுத்தை அது மேல்பாதியில் வைக்கிறது. நம் கணினியோ கீழ்ப்பாதியை முதலில் எடுத்து வைக்கிறது. அதனால் ஜோடி ஜோடியாக எழுத்துகள் தலைகீழாகிவிடுகின்றன. வன்தட்டோடு பேச மென்பொருள் எழுதுகிறவர்கள் மறக்காமல் திருப்பிப் போட வேண்டிய இடம் இது.

உங்களுக்கு இரண்டு புதிர்கள். 'ல்மகைலி' என்பது என்ன? 'ம்சங்ப கி' என்பது என்ன? இரண்டும் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் கிடைக்கும். எழுத்து ஒற்றைப்படையில் முடிந்தால் ஜோடிக்கு ஒரு வெற்றிடத்தைச் சேர்த்துக்கொள்வது ஏடிஏ வழக்கம். இரண்டாவது புதிருக்கு இதுதான் துப்பு.

உடம்பு எப்படி இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த எண் 176. அதை அனுப்பும்போது இரண்டாவது கட்டத்தில் 208 என்று எழுத வேண்டும். ஐந்தாவது, ஆறாவது கட்டங்களில் 79, 194 என்ற எண்களும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வன்தட்டு மறுத்துவிடும். சரியாக எழுதினால், தன் உடல்நிலைக் குறிப்பேட்டையே எடுத்து நீட்டும். இந்த வசதிக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. பெரும்பாலான வன்தட்டுகளில் காணக்கூடிய சில வரிகள் இவை:

5 – கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுத்த செக்டர்கள்
9 – பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது
12 – எத்தனை முறை மின்சாரம் போட்டிருக்கிறார்கள்
192 – எத்தனை முறை சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போயிருக்கிறது
194 – இப்போதைய வெப்பம்
197 – படிக்க முடியாமல் சந்தேகத்தில் வைத்திருக்கும் செக்டர்கள்

194-ஐப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் திண்டுக்கல் சமவெளி கொதிக்கிறது. ஓட்டு வீட்டிலோ தகரக் கூரைக்கு அடியிலோ இருக்கும் கணினிப் பெட்டிக்குள் இன்னும் சூடு. வழக்கமாக 60 டிகிரி செல்சியஸ்வரைதான் வன்தட்டுகள் தாங்கும் என்று தயாரிப்பவர்கள் சொல்கிறார்கள். பெட்டிக்குள் விசிறி ஓடுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்பதைப் பெட்டியைத் திறக்காமலே இந்த ஓர் எண்ணைக் கொண்டு ஊகித்துவிடலாம்.

192 நம் ஊருக்கென்றே வைத்தது போல் இருக்கிறது. 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்த ஊர்களில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். யுபிஎஸ் இல்லாத கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் 231-ஐயும் 224-ஐயும் அனுப்பக் கணினிக்கு நேரம் ஏது? அப்போது வன்தட்டு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். தட்டு உடனே நின்றுவிடாது, வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும் அல்லவா? அந்தச் சுழற்சியிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, முனையை இழுத்து ஓரத்தில் வைத்துவிடும். 192-இல் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். முனை தப்பித்துவிடும், ஆனால் இன்னும் எழுதாமல் கையில் வைத்திருந்த கணக்கு போனது போனதுதான். ஒழுங்காக 'ஷட் டவுன்' செய்யுங்கள் என்று பெரியவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

இந்தக் குறிப்பேட்டைப் படித்துக் காட்ட 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2002-இல் அதைத் தொடங்கியவர் புரூஸ் ஆலன். அவர் ஓர் இயற்பியலாளர், ஈர்ப்பு அலைகளை ஆராய்கிறவர். அந்த ஆராய்ச்சிக்கு நூற்றுக்கணக்கான கணினிகளைச் சேர்த்து ஓட்ட வேண்டும். அத்தனை வன்தட்டுகளில் எது எப்போது படுத்துவிடும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தானே வேலை தடையின்றி நடக்கும்?

ஐயோ, விழுகிறதே!

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. உங்கள் அக்காவோ அண்ணனோ பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய மடிக்கணினி இன்னும் பரணில் இருக்கலாம். ஆரம்பகால மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அது சென்னை சி-டாக்கில் உருவான இயங்குதளம். அந்தக் காலத்து மடிக்கணினிகளுக்குள் சுழலும் வன்தட்டுதான் இருக்கும். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் விநாடிக்கு 90 சுற்று. முனைக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர்!

இப்படிச் சுழன்றுகொண்டிருக்கையில் மடிக்கணினி பெஞ்சிலிருந்து நழுவினால்? முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறக்குறைய 0.4 விநாடி போதும். முனை தட்டில் மோதினால் மோதிய இடத்தில் கீறல் விழுந்துவிடும்.

2003-இல் ஐபிஎம் தன் திங்க்பேட் மடிக்கணினிகளில் அசைவை உணரும் சில்லு ஒன்றை வைத்தது. சாய்கிற விதத்தைக் கண்டே விழப்போவதை உணர்ந்து முனையை ஒதுங்கச் சொல்வதுதான் அதன் வேலை. ஏடிஏ மொழியில் இதற்கான கட்டளை 225. கூடவே இரண்டாவது கட்டத்தில் 68 என்று எழுத வேண்டும். முகவரிக்கான நான்கு, ஐந்து, ஆறாவது கட்டங்களில் 76, 78, 85. முகவரியே தேவைப்படாத கட்டளைக்கு இந்த எண்கள் எதற்கு? கணினியில் 85 என்றால் 'யூ', 78 என்றால் 'என்', 76 என்றால் 'எல்' என்ற ஆங்கில எழுத்துகள். 'அன்லோட்', அதாவது 'முனையை இறக்கு' என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் அவை! தவறுதலாக யாரும் அனுப்பிவிடாமல் இருக்க வைத்த பூட்டு அது. 2008 இறுதியில் வந்த லினக்ஸ் பதிப்பில் இந்த வசதி சேர்ந்தது.

முகவரி தீர்ந்துபோன கதை

பழைய சீட்டில் முகவரி எழுத மொத்தம் 28 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 28 சின்ன இடங்கள் இருந்தன. 28 பிட்டில் 26,84,35,456 வெவ்வேறு முகவரிகள் எழுதலாம். ஒவ்வொன்றிலும் 512 பைட் என்றால் மொத்தம் 137 ஜிபி. வீட்டுக்கெல்லாம் 160 ஜிபி வன்தட்டு வந்தபோது பிரச்சினையும் கூடவே வந்தது. பழைய கணினிகள் அதை 137 ஜிபி என்றே நினைத்தன. மிச்ச இடம் இருந்தும் அதற்கு முகவரி எழுதக் கட்டத்தில் இடமில்லை!

அதற்காகப் புதுக் கட்டங்களைச் சேர்த்தால் பழைய கணினிகள் திணறிப் போகுமே! பொறியாளர்கள் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். அதே கட்டத்தில் இரண்டு முறை எழுது என்றார்கள். முதலில் எழுதியதையும் வன்தட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். இப்படி முகவரி 48 பிட்டாக வளர்ந்தது. படிக்கும் கட்டளை 32-க்கு 36 என்று ஒரு புது எண் வந்தது. நாம் முதலில் பார்த்த 231-க்கும் பெரிய வன்தட்டுகளில் 234 என்ற அண்ணன் வந்துவிட்டான்.

வாசலில் ஒரு காவல்காரர்

'நானும் இன்றே இந்த எண்களை அனுப்பிப் பார்க்கிறேன்' என்று யாரோ கிளம்புவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்!

விளையாட்டு, பாட்டு, பெயின்ட் என்று நாம் பயன்படுத்தும் மென்பொருள் எதுவும் வன்தட்டோடு நேரடியாகப் பேசுவதில்லை. 'இந்தக் கோப்பைத் திற' என்று இயங்குதளத்திடம் கேட்கும். எண் எழுதுவது இயங்குதளத்தின் வேலை. நிர்வாகி அனுமதி உள்ளவர் மட்டுமே, இயங்குதளம் விட்டு வைத்திருக்கும் ஒரு தனிக் கதவு வழியாகச் சீட்டு அனுப்ப முடியும். லினக்ஸில் அதற்கென்று 'எச்டிபார்ம்' என்ற கருவி உண்டு. எழுதியவர் மார்க் லார்ட். அதன் உதவிக் குறிப்பிலேயே சில கட்டளைகளுக்குப் பக்கத்தில் 'ஆபத்து' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கட்டுக்காவல்? 244 என்று ஓர் எண் இருக்கிறது. 'மொத்தத்தையும் அழி' என்பது அதன் பொருள். குப்பைத் தொட்டியில் போட்ட கோப்பு திரும்பி வரலாம். 244 அழித்தது வராது. அதனால் அதற்கு மூன்று தடைகள் வைத்திருக்கிறார்கள். முதலில் 241 அனுப்பிக் கடவுச்சொல் வைக்க வேண்டும். 244-க்குச் சற்று முன்னால் 243 அனுப்பி, 'அழிக்கப் போகிறேன், தயாராக இரு' என்று சொல்ல வேண்டும். இவை போதாதென்று, பல கணினிகள் காலையில் கண் விழித்ததுமே 245 அனுப்பிவிடும். 'இனி மின்சாரம் நிற்கும்வரை யார் கேட்டாலும் பூட்டைத் தொடவிடாதே' என்பது அதற்கு அர்த்தம்.

அதே 244 நல்லதுக்கும் உதவும். பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன் வீட்டுப் படங்களையும் வங்கிக் கணக்குகளையும் மிச்சமின்றி அழிக்க, விவரம் தெரிந்த பெரியவர்கள் இதைப் பயன்படுத்துவார்கள்.

இப்போது சுழலாத எஸ்எஸ்டி வந்துவிட்டது. சாட்டா வகை எஸ்எஸ்டிகளும் இதே எண்களைத்தான் புரிந்துகொள்கின்றன. நிறுத்தத் தட்டு இல்லாவிட்டாலும் 224 வந்தால் வேலையை முடித்துக்கொண்டு ஓய்வெடுக்கும். அதைவிட வேகமான 'என்விஎம்இ' வகைக்கு மட்டும் வேறு மொழி.

நீங்கள் செய்ய வேண்டியது

பள்ளியிலோ வீட்டிலோ சுழலும் வன்தட்டு உள்ள பழைய கணினி இருந்தால், ஆசிரியரையோ அப்பா அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் 'டிஸ்க்ஸ்' என்ற மென்பொருளைத் திறந்து, 'ஸ்மார்ட்' தகவலைப் பாருங்கள். 5, 9, 12, 192, 194, 197 ஆகிய வரிகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். மாதம் ஒரு முறை எழுதினால் போதும். வெறுமனே பார்ப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. 9-ஆவது வரியில் இருக்கும் எண்ணை 8,760-ஆல் வகுத்தால், அந்த வன்தட்டு மொத்தம் எத்தனை ஆண்டு ஓடியிருக்கிறது என்று தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கேள்வி கேட்கும் எண்களை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். எழுதும், அழிக்கும் எண்களைப் பெரியவர்கள் துணையின்றித் தொடக் கூடாது. மாதா மாதம் எழுதும்போது 5-ஆவது வரியோ 197-ஆவது வரியோ ஏறிக்கொண்டே போனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அதில் இருக்கும் படங்களையும் பாடங்களையும் அன்றைக்கே வேறொரு வட்டில் நகல் எடுத்துவிடுங்கள்.